தாளில் இருளர், வாயில் இருளன்

திண்டிவனத்தை விட்டு மயிலம் பக்கமோ செஞ்சி பக்கமோ போய், ஒரு கிராமத்தில் யார் வீட்டுக்காவது வழி கேட்டால், பதிலுக்கு முன்னால் ஒரு கேள்வி வரும்: "ஊர்லயா, காலனிலயா?" தேடி வந்தவர் யாரைத் தேடுகிறார், அந்த ஆளை எந்த மரியாதையில் குறிப்பிடலாம் என்பதெல்லாம் அந்த ஒரு பதிலில் தீர்ந்துவிடும். இந்த இரண்டிலும் அடங்காத மூன்றாவது இடம் ஒன்றும் பல கிராமங்களில் உண்டு. ஏரிக்கரையை ஒட்டி, அல்லது ஓடைப் புறம்போக்கில், ஐந்தாறு குடிசைகள். மேலே தார்ப்பாய், சுற்றிலும் சீமைக் கருவேலம். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. கேட்டால், "அது இருளங்க வூடு" என்பார்கள்.

2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் அடையாளமாக ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். மனதார வரவேற்க வேண்டிய முடிவு அது. ஆனால் விழுப்புரம் மாவட்டத்தில் அந்த அறிவிப்பைக் கேட்டபோது எனக்கு முதலில் தோன்றியது ஏரிக்கரை வீடுகள்தான். நீக்குவதற்குக்கூட ஒரு பெயர் இல்லாதவர்களுக்கு இந்த அறிவிப்பு என்ன சொல்கிறது?

மனிதர்களைக் குறிக்க நாம் பயன்படுத்தும் சொற்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வசைச் சொற்களோடு நின்றுவிடுகிறார்கள். வசை கண்ணுக்குத் தெரியும். அதைத் தடை செய்யலாம், வழக்குப் போடலாம். இந்த மாவட்டத்து இருளர்களின் வாழ்க்கையைப் பார்த்தால், வசையைவிட அதிகமாக அவர்களை அழுத்துபவை கோபமில்லாமல், சில சமயம் பிரியத்தோடுகூடச் சொல்லப்படும் சொற்கள்தான்.

முதலில் ஏட்டிலிருந்து தொடங்குவோம். தென்னார்க்காடு மாவட்டத்துக்கான அரசாங்க கெசட்டியரை டபிள்யூ. பிரான்சிஸ் எழுதி 1906இல் வெளியிட்டார். இருளர்கள் முக்கியமாகச் செஞ்சி மலைகளைச் சுற்றி இருக்கிறார்கள் என்று அதில் குறித்தார். அவர்கள் பேசுவது சிதைந்த தமிழ், தோல் மிகக் கறுப்பு, முடி சுருள் என்று அந்த விவரிப்பு போகும். மூன்று ஆண்டு கழித்து, 1909இல், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் இந்தச் செய்தி மறுபடி ஏறியது. பெயருக்கு விளக்கமும் அதில் உண்டு: இருள், அதாவது இருண்ட காடு அல்லது இருண்ட நிறம். ஒரு சமூகத்தைப் பற்றி அரசாங்கம் எழுதி வைத்தபோது, அவர்களுக்குத் தெரிந்தது எதுவும் அந்த வரிகளின் மையத்துக்கு வரவில்லை. எந்த மண்ணில் எந்த வளை எலி வளை, எது பாம்புப் புற்று என்று தடம் பார்த்துச் சொல்லும் கண், மூலிகை அறிவு, கையாலேயே ஏரி மீன் பிடிக்கும் திறமை எல்லாம் பின்னுக்குப் போய்விட்டன. முன்னால் நின்றது தோலும் முடியும்.

'சிதைந்த தமிழ்' என்ற தீர்ப்பையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நீலகிரிப் பகுதி இருளர்களின் பேச்சை ஆராய்ந்த செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1970களில் அதைத் தென்திராவிட மொழிகளில் ஒன்றாக, தனக்கென ஒலியமைப்பும் இலக்கணமும் கொண்ட மொழியாக விவரித்தார். சமவெளி இருளர்கள் பேசுவது தமிழ்தான், அதுவும் இந்த வட்டாரத்துத் தமிழ். செஞ்சிப் பக்கத்து விவசாயி பேசினால் வட்டார வழக்கு, அவர் நிலத்தில் எலி பிடிக்க வந்தவர் பேசினால் சிதைவு. கேட்ட காது யாருடையது என்பதைத்தான் அந்தத் தீர்ப்பு காட்டுகிறது.

விடுதலைக்குப் பின் இந்த ஏடு மாறியது. தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் இந்தச் சமூகத்தின் பெயர் 'இருளர்' என்றே இருக்கிறது. இதில் கவனிக்க ஒன்று உண்டு. அதே பட்டியலில் காட்டுநாயக்கன், பணியன், மலைவேடன், கணியன் என்று பல பெயர்கள் 'ன்' விகுதியில் முடிகின்றன. பட்டியல் சாதிகளின் பெயர்களிலும் இந்த 'ன்' நிறைய. இவற்றை எல்லாம் 'ர்' விகுதிக்கு மாற்ற வேண்டும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் 2025இல் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஒரு மெய்யெழுத்துக்காக ஒரு மாநில அரசு பிரதமருக்கு எழுத வேண்டியிருக்கிறது என்றால் அந்த எழுத்தில் எவ்வளவு கனம் இருக்க வேண்டும். 'முதலியார்', 'ரெட்டியார்', 'நாயுடு காரு' என்று சொல்லிப் பழகிய நாக்கு, 'இருளன்', 'குறவன்' என்று சொல்லும்போது தானாகவே ஒரு படி இறங்குகிறது.

இருளருக்கு அந்த 'ர்' சட்டப்படி ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. பல பத்தாண்டுகளாகத் தாளில் அவர்கள் இருளர். வாயில் இன்னும் இருளன். எழுத்து மாறினால் பேச்சு மாறிவிடும் என்று நம்புபவர்கள் இந்த ஒரு பெயரை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். எடை போடும் இளைஞருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். "வாங்க பெரிப்பா", "அண்ணி, அட்டைய குடுங்க", "இன்னா மாமா, பாமாயில் வாணாவா" என்று வரிசை நகர்ந்தது. உறவில்லாதவர்களையும் உறவாக்கிக்கொள்ளும் அந்தப் பேச்சு இந்த வட்டாரத்துக்கே உரிய அழகு. அறுபதைத் தாண்டிய இருளர் ஒருவர் முறை வந்தது. "ஏய், பைய நல்லா விரி." பெரியவர் "இதோ சாமி" என்று பையை விரித்தார். அவ்வளவுதான். அரிசி சரியாக அளந்துதான் போடப்பட்டது. இளைஞர் முகத்தில் கோபமோ வெறுப்போ இல்லை. அடுத்தவர் வந்ததும் பேச்சு மறுபடி "வாங்கண்ணா" ஆயிற்று.

இதை எந்தச் சட்டத்தால் பிடிப்பது? பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, பொதுப்பார்வையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. அந்தப் பிரிவால் காக்கப்பட்டவர்கள் பலர். அதன் மதிப்பைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஆனால் அங்கே சாதிப் பெயர் உச்சரிக்கப்படவே இல்லை. இழிவுபடுத்தும் நோக்கமும் இல்லை. நடந்தது இலக்கணத்தில் நடந்தது. தமிழில் ஒருவரோடு பேச வாய் திறந்தாலே அவருக்கு நாம் கொடுக்கும் இடத்தைச் சொல்லியாக வேண்டும்: வா, வாப்பா, வாங்க. தப்பிக்க ஒரே வழி, ஆளே இல்லாத வினை. கிராமங்களில் இதையும் கேட்கலாம். படித்து வேலைக்குப் போய்விட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞர் ஊருக்கு வந்தால், அவரை 'நீ' என்று சொல்லக் கூச்சம், 'நீங்க' என்று சொல்ல மனமில்லை. "எப்ப வந்தது? சாப்பாடு ஆச்சா?" என்பார்கள். நுணுக்கமான தந்திரம். அந்த இளைஞருக்கு அது புரியாமல் இருக்காது. ஏரிக்கரை மனிதரிடம் இந்தத் தந்திரத்துக்குக்கூட அவசியம் நேர்வதில்லை. அவருக்கு நேராக "ஏய்"தான்.

உறவுச் சொல்லும் இதே வேலியில்தான் நின்றுவிடுகிறது. ஊரில் யாரும் யாருக்கும் சித்தப்பா, அத்தை. இருளர் கிழவரைப் பத்து வயதுப் பையன் பேர் சொல்லிக் கூப்பிடுவான். அவர் அவனைச் 'சின்ன ஐயா' என்பார். தாத்தா என்ற சொல் அவரை எட்டாது.

அடுத்தது காவல் நிலையத்தின் சொல். 'சந்தேகக் கேஸ்' என்று காவல்துறை வழக்கில் ஒன்று உண்டு. களவு போன இடத்தில் தடயம் கிடைக்கவில்லையென்றால், ஏற்கெனவே பெயர் எழுதி வைத்திருப்பவர்களைக் கொண்டுவருவது. இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் உட்படப் பல சமூகங்களில் பிறப்பதே குற்றத்தின் முதல் ஆதாரம் ஆனது. 1952 ஆகஸ்ட் 31 அன்று நாடு முழுவதும் அந்தச் சட்டம் நீங்கியது. அதற்கு முன்பே, 1948இல், சென்னை மாகாணம் பழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. பரம்பரை என்ற சொல் போய் பழக்கம் என்ற சொல் வந்தது. காவல் நிலையத்தின் பார்வை எந்தக் குடிசையின் மேல் விழும் என்பது அதிகம் மாறவில்லை.

தென்னார்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமான 1993ஆம் ஆண்டிலேயே இதன் இரண்டு கொடிய நிகழ்வுகள் நடந்தன. ஒன்று கடலூர்ப் பக்கம், விருத்தாசலம் அருகே முதனை. குறவர் சமூகத்து ராசாக்கண்ணு திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு உயிரோடு திரும்பவில்லை. வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு அந்த ஆட்கொணர்வு வழக்கை நடத்தியதைத் திரைப்படம் வழியாக இன்று நாடே அறியும். மற்றது விழுப்புரம் அருகே அத்தியூர். ஓர் இருளர் பெண், திருட்டு வழக்கு விசாரணைக்கு என்று வந்த புதுச்சேரிக் காவலர்கள் தன்னைக் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாகப் புகார் கொடுத்தார். 2011 நவம்பரில், அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த திருக்கோவிலூர் பகுதியில், தி. மண்டபம் கிராமத்து இருளர் பெண்கள் நால்வர் இதே போன்ற புகாரைச் சொன்னார்கள். அங்கேயும் தொடக்கம் வீட்டு ஆண்கள் மீதான திருட்டுச் சந்தேகம். 'திருடன்' என்ற சொல் ஆணின் மேல் விழுகிறது, வன்முறை பெண் உடல் வரை போகிறது. நடந்தது என்ன என்று யாரும் விசாரிக்கும் முன்பே, நடந்திருக்கும் என்று எல்லோரும் நம்புவதற்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருக்கிறது.

அத்தியூர் வழக்கைத் தோளில் சுமந்தவர்களில் முக்கியமானவர் திண்டிவனம் அரசுக் கலைக் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் கல்யாணி. பின்னர் பிரபா கல்விமணி என்று தன் பெயரை மாற்றிக்கொண்டவர். ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளியை நடத்துவதும் அவர்தான். அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாகத் திண்டிவனத்தை மையமாகக் கொண்டு உருவான அமைப்பின் பெயர் 'பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம்'. 'இருளர்' என்று மட்டும் வைத்திருக்கலாம். முன்னால் 'பழங்குடி' சேர்ந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கெசட்டியர் தோலின் நிறத்தோடு கட்டி வைத்த பெயரை அவர்கள் தூக்கி எறியவில்லை. அதற்கு முன்னால் இந்த மண்ணின் மூத்த குடி என்ற உரிமையை வைத்தார்கள். சாதிச் சான்றிதழ் கேட்டு நிற்கும்போது சட்டம் எந்தச் சொல்லைக் கேட்கிறதோ அதே சொல் அது.

ராசாக்கண்ணு வழக்கை வைத்து 2021இல் வந்த 'ஜெய் பீம்' படம் இருளர்களின் பெயரை முதன்முறையாக நகரத்து வீடுகளுக்குள் கொண்டுபோனது. படத்தையொட்டி, அதில் நடித்த சூர்யாவின் குடும்பம் இருளர் கல்விக்காக ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. படத்தின் நல்ல விளைவுகளை நான் மதிக்கிறேன். அதே சமயம், ராசாக்கண்ணு குறவர். படத்தின் ராசாக்கண்ணு இருளர். தங்கள் சமூகத்தின் துயரம் இன்னொரு சமூகத்தின் பெயரில் சொல்லப்பட்டது குறவர்களில் பலரை வருத்தியது. அந்த வருத்தம் நியாயமானது. இழிவு செய்யும்போது குறவர் என்ற பெயர் தமிழில் எல்லா இடத்திலும் தாராளமாகக் கிடைக்கிறது: கரகாட்ட மேடையில், திரைப்படக் கிண்டலில், தெருச் சண்டையில். கரகாட்டத்தோடு குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் ஆடுவதைத் தமிழ்நாடு அரசு 2023இல்தான் தடை செய்தது. இரக்கம் கிடைக்க வேண்டிய இடத்தில் மட்டும் அந்தப் பெயர் காணாமல் போனால் எப்படி ஆறுதல் வரும்?

'சண்டாளன்' கதையும் இதை ஒட்டியதுதான். வில்லனைத் திட்டவும், பிள்ளையைச் செல்லமாகக் கடியவும், ஒப்பாரியில் விதியை நோகவும் நம் பாட்டிமார் சொல்லும் சொல். அது தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளின் பட்டியலில் உள்ள ஒரு சாதியின் பெயர் என்பது சொல்பவர்களில் பலருக்குத் தெரியாது. 2024 ஜூலையில் மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் இதைச் சுட்டிக்காட்டி, திரைப்படங்களிலும் மேடைகளிலும் அந்தச் சொல்லைத் தவிர்க்கச் சொன்னது. பாட்டி தெரியாமல் சொன்னதில் குற்றமில்லை. தெரிந்த பிறகு பேரன் சொல்வது வேறு.

வசையையும் சந்தேகத்தையும் விட எழுதக் கடினமானது பரிவின் சொல். "பாவம், வெகுளிங்க. ஒண்ணும் தெரியாது." "நம்ம இருளன், நல்லவன், சொன்னா செய்வான்." செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் சவுக்குத் தோப்பிலும் முதலாளிகளிடம் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். சொல்பவர் கொடுமைக்காரர் என்று நினைக்க வேண்டாம். காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கித் தருபவராகவும், தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பவராகவும் இருக்கலாம். ஆனால் "நம்ம இருளன்" என்பதில் உள்ள 'நம்ம' எங்கிருந்து வருகிறது? "நம்ம டாக்டர்" என்று சொல்லும்போது வரும் பெருமை இதில் இல்லை. நம் வண்டி, நம் மாடு என்ற வரிசையில் வரும் 'நம்ம' இது. 'எங்க ஆளு' என்பார்கள். முன்பணம் வாங்கிய குடும்பம் ஒன்று சூளையை விட்டு இரவோடு இரவாகப் போய்விட்டால், அதே வாய் "திருட்டுப் பசங்க" என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்தது. அதன் பிறகும் தமிழ்நாட்டுச் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் மீட்கப்பட்ட குடும்பங்களில் இருளர்கள் திரும்பத் திரும்ப இருக்கிறார்கள். 'வெகுளி' என்ற பிரியமான சொல், கணக்குக் கேட்காதவர் என்ற பொருளில்தான் அங்கே புழங்குகிறது.

இந்த வெகுளிகளுக்கு என்ன தெரியும்? கொம்பேறி மூக்கனையும் கண்ணாடி விரியனையும் சருகுக்குள் தடம் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியும். இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் மாமல்லபுரம் அருகே உருவானது. அங்கே எடுக்கும் நஞ்சிலிருந்துதான் நாட்டின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஏரிக்கரை மனிதர் எலி வளைக்குள் புகையை ஊதிச் செலுத்தும் பானையைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடியில் ஊதுவதற்கு ஒரு துளை, வாயை வளையின் முகத்தில் பொருத்தி மண்ணால் அடைப்பார்கள். மற்ற வளைவாய்கள் எங்கே இருக்கின்றன என்று முன்னதாகவே தேடி அடைத்திருப்பார்கள். எலி எந்த வாயில் வரும் என்பதும் தெரியும். அறுவடை முடிந்த வயலில் வளைக்குள் எலி சேர்த்த நெல்லைத் தோண்டி எடுத்துப் புடைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஊராருக்கு இந்த வேலை வேண்டும். எலி ஒழிந்தால் விளைச்சல் தப்பும். செய்பவரைக் குறிக்கும்போது மட்டும் அந்த வேலையின் பெயர் இழிபெயராகிவிடுகிறது. "எலி தின்றவன்" என்று பள்ளிக்கூடத்தில் கேட்ட குழந்தை மறுநாள் பள்ளிக்கு வருவதில்லை. படிப்பை நிறுத்தியதற்குக் காரணம் என்று பதிவேட்டில் எழுதுவார்கள்: "பெற்றோர் இடம்பெயர்வு".

இந்த மாவட்டத்துக்குச் சொல்லையும் அடிமை ஓலையையும் பற்றிய பழைய கதை ஒன்று சொந்தமாக இருக்கிறது. சுந்தரர் திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலை காட்டுகிறார். கோபத்தில் சுந்தரர் அவரைப் பித்தன் என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. ஓலை செல்லும் என்று தீர்ப்பாகிறது. முதியவர் சிவன். என்னைத் திட்டிய சொல்லையே முதலாக வைத்துப் பாடு என்கிறார். வசை பதிகத்தின் முதல் சொல்லானது. வன்மையாகப் பேசியவருக்கு வன்தொண்டர் என்ற பெயரும் வந்தது. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் விரிவாகச் சொன்ன இந்தக் கதையை நான் விரும்பிப் படிப்பவன். ஆனால் வசையைப் பாட்டாக மாற்றும் பெருந்தன்மை, ஓலையைக் கையில் வைத்திருப்பவருக்கு முடிந்தது. ஓலை எழுதப்பட்ட பக்கத்தில் இருப்பவரிடம் அதே பெருந்தன்மையை எதிர்பார்க்கிறோம். "சும்மா விளையாட்டுக்குத்தானே கூப்பிட்டான், இதைப் போய்..." என்று சமாதானம் சொல்வது எப்போதும் கூப்பிட்டவன் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

பெயரை மாற்றிப் பயன் உண்டா என்ற கேள்வி தமிழ்நாட்டில் நூற்றுமுப்பது ஆண்டு பழையது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கி, தம் மக்களை இழிவுபடுத்தச் சொல்லப்பட்ட பெயரையே அதற்குச் சூட்டினார்: 'பறையன்'. அதை வெளிப்படையாகத் தலை நிமிர்ந்து சொன்னால் அதன் நஞ்சு போகும் என்பது அவர் வழி. அவருடைய மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரை ஏற்கவே மறுத்தார். அது எதிரிகள் சூட்டிய பெயர், நாம் பூர்வத் தமிழர் என்பது அவர் வாதம். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு வழி. எது சரி என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அவமானத்தைச் சுமந்தவர்கள் தேர்ந்தெடுத்த இரண்டு வழிகளும் மரியாதைக்குரியவை. எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் எடுத்த முயற்சியால் 1922இல் பஞ்சமர், பறையர் என்ற பெயர்களுக்குப் பதில் 'ஆதிதிராவிடர்' அரசாங்கச் சொல்லானது. 1930களில் காந்தி 'அரிசனர்' என்றார். அது மற்றவர் கொடுத்த பெயர், நாங்கள் கேட்டதில்லை என்று அம்பேத்கரும் அவரைப் பின்பற்றியவர்களும் சொன்னார்கள். பின்னர் அரசே அந்தச் சொல்லைக் கைவிட்டது.

'காலனி' இந்த வரிசையில் வருத்தமான ஒன்று. அரசு கட்டிக் கொடுத்த புதிய வீட்டு வரிசைக்கு வைத்த பெயர் அது. சென்னையில் வசதி படைத்தவர்கள் வாழும் இடங்களுக்கும் அதே பெயர்தான். அங்கே யாருக்கும் கூச்சமில்லை. திண்டிவனம் கிராமங்களில் ஒரு தலைமுறைக்குள் அது சேரி என்ற சொல்லின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர்க் குழாயும் சுடுகாட்டுப் பாதையும் டீக்கடை டம்ளரும் தனியாக இருக்கும்வரை, நாளை எந்தப் பூவின் பெயரை வைத்தாலும் அந்தப் பூவுக்கும் இதே கதி வரலாம். அப்படியானால் மாற்றுவது வீண் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சித்திரையில் கூவாகத்துக்கு வருபவர்களால் விழுப்புரம் நகரம் நிரம்புவதைச் சிறு வயதிலிருந்து பார்த்தவர்களைக் கேளுங்கள். அன்று அவர்களைக் குறிக்கச் சொன்ன எண்ணும் சொல்லும் எழுதத் தகாதவை. 2008இல் நல வாரியம் அமைந்தது, 'திருநங்கை' என்ற சொல் பாடப் புத்தகத்துக்கும் செய்தித்தாளுக்கும் வந்தது. கேலி ஒழிந்துவிடவில்லை. ஆனால் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் வங்கி ஊழியருக்கும் வாயில் வைத்துக்கொள்ள ஒரு மரியாதையான சொல் கிடைத்தது. 2010ஐ ஒட்டி 'ஊனமுற்றோர்' என்பதன் இடத்தில் வந்த 'மாற்றுத்திறனாளி'யும் அப்படியே. நல்லபடி பேச நினைப்பவருக்கு முதலில் சொல் வேண்டும். கிடைத்த சொல் நாளானால் அழுக்காகலாம், அப்போது இன்னொன்றைத் தேடலாம். அந்த உழைப்புக்கு அலுத்துக்கொள்வது, பெயரால் ஒருநாளும் அடிபடாதவர்களுக்கு மட்டுமே முடிகிற காரியம்.

இருளர் விஷயத்தில் சொல்லின் மதிப்பு சான்றிதழ் ஒன்றில் மிகத் துல்லியமாகத் தெரிகிறது. பழங்குடியினர் சான்றிதழைத் தருவது தாசில்தார் அல்ல. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். திண்டிவனத்தில் சார் ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. போலிச் சான்றிதழைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. அதன் காரணம் நியாயமானது. ஆனால் அப்பாவின் சான்றிதழ் எங்கே, பள்ளி மாற்றுச் சான்றிதழ் எங்கே என்ற கேள்விக்கு, பள்ளிக்கே போகாத தலைமுறையின் பிள்ளைகள் என்ன காட்டுவார்கள்? பாம்பு பிடிக்கத் தெரியுமா, எலி பிடித்துக் காட்டு என்று அலுவலகங்களில் கேட்ட அனுபவத்தை இருளர் குடும்பங்கள் பலவும் சொல்லும். இங்கேதான் கொடுமை முழு வட்டம் வருகிறது. ஊர்த் தெருவில் இருளன் என்று கூப்பிட யாரும் சான்று கேட்டதில்லை. காவல் நிலையத்தில் சந்தேகப்பட யாரும் தாத்தாவின் காகிதத்தைக் கேட்டதில்லை. ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்கும் இவர் இருளர் என்று தெரியும். அந்தப் பெயரால் முதன்முறையாக ஒரு நன்மை கிடைக்கப் போகும் மேசைக்கு முன்னால் மட்டும், நீ இருளர்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்கிறார்கள். நல்ல அதிகாரிகள் குடியிருப்புக்கே நேரில் போய், உறவுமுறையை விசாரித்து, முகாம் போட்டுக் கொடுத்ததும் உண்டு. "உக்காருங்கம்மா, குலசாமி எது, எந்த ஊர்ல பொண்ணு எடுத்தீங்க?" என்று கேட்டாலே ஒரு சமூகத்தின் வரலாறு வந்துவிடும். கன்னிமார் கும்பிடும் முறையும் மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடும் வழக்கமும் எந்தப் பாம்பையும்விட நம்பகமான சான்று.

2025 அக்டோபரில், தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகளுக்கு உள்ள சாதிப் பெயர்களை நீக்கி வேறு பெயர் வைப்பதற்கான அரசாணை வந்தது. அந்த வேலை நடக்கும்போது ஏரிக்கரை வீடுகளுக்கும் ஒரு பெயர் வேண்டும் என்பது என் கோரிக்கை. அங்கே இருப்பவர்கள் சொல்லும் பெயராக அது இருக்க வேண்டும்; வேண்டாம் என்றால் அதுவும் அவர்கள் விருப்பம். இதை எங்கே கேட்பது? கிராம சபையில். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பொங்கலை ஒட்டிச் சூளைக்குப் போகும் குடும்பங்கள் மழை தொடங்கும்போதுதான் திரும்புகின்றன. ஆறில் முதல் மூன்று சபைகள் கூடும்போது அந்தக் குடிசைகள் பூட்டிக் கிடக்கும், அல்லது நடக்க முடியாத கிழவர் ஒருவர் மட்டும் இருப்பார். ஆகையால் இந்தத் தீர்மானத்தை ஆகஸ்டிலோ அக்டோபரிலோ நவம்பரிலோ எடுக்க வேண்டும். முந்தின நாள் ஊராட்சிச் செயலாளரோ தலைவரோ ஏரிக்கரைக்கு நடந்து போய், "நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்க, உங்க எடத்துக்கு நீங்கதான் பேர் சொல்லணும்" என்று கூப்பிட வேண்டும். வந்தவர்களுக்கு மற்றவர்களோடு ஒரே விரிப்பில் இடம் வேண்டும். சொல்லும் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் அப்போதே எழுதி, அவர்கள் முன்னால் வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும்.